நிறுத்தம் உனக்கு, பஸ் எனக்கு

கதை எழுதுகிறவனுக்குப் பஸ் விவகாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் கதாநாயகி வெகு காலமாக எழுத்தாளர்களுக்கு உதவி வருகிறாள். அவள் நின்றால்தான் கதை நகரும். ஆனால் கடைசி பஸ் ஏன் ராத்திரி எட்டு மணிக்கே புறப்பட்டுவிடுகிறது, அந்த எட்டு மணியை நிர்ணயித்தவர் யார், அதை எட்டரையாக மாற்ற அந்த ஊரில் யாருக்காவது அதிகாரம் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் கதையில் இடம் கிடையாது. கட்டுரையில் உண்டு.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. சேர்மன் இருக்கிறார், கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், கமிஷனர் இருக்கிறார், எஞ்சினீயர் இருக்கிறார். சாக்கடையைக் கவனிக்க ஆள் உண்டு. தெருவிளக்கைக் கவனிக்க ஆள் உண்டு. ஊருக்குள் ஜனங்கள் எப்படிப் போய் வருகிறார்கள் என்று கவனிப்பது மாத்திரம் ஒருவருடைய வேலையும் அல்ல.

இது யாரோ மறந்துபோனதால் வந்த வினை அல்ல. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. 1992-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், நகரசபைகளிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்கள் என்று 18 இனங்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. ரோடுகளும் பாலங்களும் அதில் இருக்கின்றன. தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை ஒரே இனத்தில் சேர்ந்து இருக்கின்றன. பஸ் நிறுத்தம் இருக்கிறது, பஸ் இல்லை! மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பாருங்கள், பஸ்ஸைக் காண முடியாது. தொட்டிலை ஒரு வீட்டில் கட்டிவிட்டுக் குழந்தையை வேறு வீட்டில் வளர்க்கிற கதைதான்.

குழந்தை வளர்கிற வீடு எது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ்ஸுக்குப் பர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்பு. நம் ராஜ்யத்தில் அந்த அதிகாரம் ஜில்லா கலெக்டரிடம் இருக்கிறது. சர்க்கார் பஸ்களை ஓட்டும் கழகங்களின் தலைமை அலுவலகங்களோ பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கின்றன. எந்தத் தெரு வழியாகப் பஸ் போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம், கடைசி பஸ் எப்போது என்பதெல்லாம் இந்த இரண்டு இடங்களில்தான் முடிவாகும். நகரசபை தீர்மானம் போட்டு அனுப்பலாம். சேர்மன் மனுவோடு நேரில் போய் நிற்கலாம். நானும் நீங்களும்கூட அப்படிப் போய் நிற்கலாம். அவருக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் உள்ள வித்தியாசம், அவருக்கு உட்கார நாற்காலி கொடுப்பார்கள் என்பதுதான்.

சரி, நிறுத்தத்தையாவது நகரசபைகள் ஒழுங்காக நடத்துகின்றனவா என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து நகரசபைக்கு வரும் வருமானம் கடை வாடகை, ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஏலம், உள்ளே நுழையும் பஸ்ஸுக்கு வாங்கும் கட்டணம் ஆகியவை. பிரயாணி ஒரு மணி நேரம் காத்திருந்தால் நகரசபைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் லாபம், காத்திருக்கிறவன் இன்னொரு காபி குடிப்பான், கடைக்காரருக்கு வாடகை கட்டுவது சுலபமாகும். ஆகவே, ஊர் கொஞ்சம் பெருத்ததும் நகரசபைக்கு உதிக்கிற முதல் யோசனை, நிறையக் கடைகளோடு ஒரு புதுப் பஸ் நிலையம். அது எங்கே அமையும்? ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டின் ஓரத்தில், நிலம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில்.

திறப்பு விழா நடக்கிறது, கல்வெட்டு பதிக்கப்படுகிறது. மறுநாள் காலையிலிருந்து தாலுகா ஆபீசுக்கு வருகிற கிழவர், பிரசவத்துக்கு நாள் நெருங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிற பெண், தறி நூலைச் சுமந்து வருகிற நெசவாளி எல்லோரும் ஊருக்கு வெளியே இறங்கி நிற்கிறார்கள். ஊர் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2021 மே மாதம் முதல் நம் ராஜ்ய சர்க்கார் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வாங்குவதில்லை. மிக நல்ல காரியம். எத்தனையோ பெண்களுக்கு வேலைக்கும் வைத்தியத்துக்கும் வழி திறந்துவிட்ட காரியம். ஆனால் கிராமத்திலிருந்து காசு கொடுக்காமல் வந்த அதே பெண், ஊர் எல்லையில் இறங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆட்டோவுக்குக் கொடுக்கிறாள். பஸ் இருந்தால்தானே அதில் இலவசம்?

இந்த மூன்று கிலோமீட்டர்தான் என் வழக்கு. இதைத் தீர்த்துவைக்க விமானமோ பாதாள ரயிலோ தேவையில்லை. பழைய பஸ் நிலையம், ரயில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், மார்க்கெட் இவற்றைச் சுற்றி ஓயாமல் வட்டமடிக்கும் இரண்டு சின்னப் பஸ்கள் போதும். ஷேர் ஆட்டோக்களுக்கு வழியும் கூலியும் நிறுத்தமும் குறித்துக் கொடுத்தால் போதும். கடைவீதியில் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வண்டி கிடையாது என்று சொன்னால் போதும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட நகரசபை தன் சொந்தப் பொறுப்பில் செய்து முடிக்க முடியாது. ஒன்றுக்குக் கலெக்டர், ஒன்றுக்குப் போக்குவரத்து அதிகாரி, ஒன்றுக்குப் போலீஸ்.

அப்படியானால் மேலே உள்ளவர்கள் சிறிய ஊர்களை நினைப்பதே இல்லையா? நினைக்கிறார்கள், நினைத்துவிட்டு ஒரு கோடு போடுகிறார்கள். 2006-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, பஸ்ஸையும் ரயிலையும் ரோட்டையும் ஒன்றாகக் கவனிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்றது. எங்கே? பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில். 2015-ல் ஆரம்பித்து 2025 மார்ச்சில் முடிந்த ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்துக்கு நாடு முழுவதும் பொறுக்கி எடுத்தவை 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. 2023 ஆகஸ்டில் மத்திய மந்திரி சபை 10,000 மின்சார பஸ்களுக்குச் சம்மதம் கொடுத்தது. யாருக்கு? மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள ஊர்களுக்கு. தலைநகரம், மலை ராஜ்யம் என்று சில விதிவிலக்குகள் மட்டும். 2011 ஜனக்கணக்குப்படி பொள்ளாச்சியில் சுமார் 90,000 பேர். கோவில்பட்டியில் சுமார் 95,000 பேர். மன்னார்குடியில் சுமார் 67,000 பேர். இப்படிச் சுமார் 140 நகரசபைகளும், அவற்றைப்போல் மூன்று மடங்கு பேரூர்களும் நம் ராஜ்யத்தில் இருக்கின்றன. எல்லாம் கோட்டுக்குக் கீழே!

சென்னையின் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு, 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. 2024 அக்டோபரில் மத்திய சர்க்காரும் சம்மதித்தது. எனக்கு அதில் பொறாமை இல்லை. சென்னைக்கு ரயில் வேண்டியதுதான். ஆனால் வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 530 கோடி வருகிறது. அதில் ஒரு கிலோமீட்டர்ச் செலவை 140 நகரசபைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றே முக்கால் கோடிக்கு மேல் கிடைக்கும். ஒரு நகரசபை இரண்டு சின்னப் பஸ்களையும் பத்து நிழற்குடைகளையும் வைத்து ஒரு பரீட்சை செய்து பார்க்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜனத்தொகையைப் பார்த்துக் கோடு போடுவது நம் ஊர் வழக்கம் மாத்திரம் அல்ல. பிரான்சு தேசத்திலும் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோட்டை என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். 1971-ல் பாரிஸ் வட்டாரத்துக்கென்று ஒரு வரி விதித்தார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள், சம்பளப் பட்டியலில் நூற்றுக்கு இவ்வளவு என்று நகரப் போக்குவரத்துக்காகக் கட்ட வேண்டும். தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் லாபம் உண்டல்லவா? 1973-ல் இந்த வரியைப் போடும் உரிமையை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களுக்கும் கொடுத்தார்கள். நம்மவர்கள் 2023-ல் நின்ற அதே மூன்று லட்சம்! பிரான்சு அங்கே நிற்கவில்லை. மறு வருஷமே ஒரு லட்சத்துக்கு இறக்கினார்கள். பிறகு 30,000, பிறகு 20,000, கடைசியில் 10,000 பேர் உள்ள ஊருக்கும் அந்த உரிமை வந்துவிட்டது. 1982-ல் வந்த சட்டமோ பிரயாணம் செய்வது பிரஜையின் உரிமை என்றே எழுதிவைத்தது.

பலன் என்ன? 1940-ல் யுத்தச் செய்திகளில் அடிபட்ட டன்கர்க் துறைமுகத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 17 ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டு சபையாக இருக்கின்றன; மொத்தம் சுமார் இரண்டு லட்சம் பேர். 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட் கிடையாது. டிக்கெட் வசூல் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. பெரும் பகுதி அந்த முதலாளி வரியிலிருந்து வந்தது. ஆகவே அந்த ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அவர்களால் முடிந்தது. மார்சேல்ஸ் பக்கத்தில் ஓபான்யு என்று ஓர் ஊர், ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. 2009-லேயே பஸ்ஸை இலவசமாக்கி, 2014-ல் ஒரு சின்ன டிராமும் விட்டுவிட்டது. இவற்றைப் பாரிஸில் உட்கார்ந்து யாரும் அவர்களுக்காக யோசித்துக் கொடுக்கவில்லை. பாரிஸ் கொடுத்தது உரிமையையும் வரியையும். யோசனை அந்தந்த ஊருடையது.

பணமே அதிகம் இல்லாமலும் யோசனை பிறக்கும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பொந்தேவேத்ரா என்ற ஊர். நம் பொள்ளாச்சியைவிடச் சற்றுச் சின்னது. 1999-ல் லோரெஸ் என்ற டாக்டர் மேயராக வந்தார். பழைய ஊரின் தெருக்களிலிருந்து மோட்டாரை வெளியேற்றி நடப்பவர்களுக்குக் கொடுத்தார். மற்றத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஆயிற்று. வியாபாரிகள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். ஜனங்கள் அதே மேயரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அந்த நகரசபை செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 2011-ல், பாரிஸ், லண்டன் ரயில் படங்களைப்போல வர்ணக் கோடுகளும் புள்ளிகளுமாக ஒரு படம் அச்சிட்டார்கள். பாதாள ரயில் இல்லாத ஊருக்குப் பாதாள ரயில் படமா? புள்ளிகள் ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஸ்டேஷன். கோடுகளின் மேல் எழுதியிருப்பது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடந்து போக எத்தனை நிமிஷம் என்பது. அவ்வளவுதான். காகிதச் செலவு! ‘ஏழு நிமிஷந்தானா, இதற்கா காரை எடுத்தோம்?’ என்று மனிதனுக்குத் தோன்ற வேண்டும்; அதற்கு ஒரு படம் போதுமாக இருந்தது. ஐரோப்பாவில் பல ஊர்கள் அந்தப் படத்தைக் காப்பியடித்துக் கொண்டன.

நம்மிடம் மட்டும் இதற்கு முன்மாதிரி இல்லையா? தேரோட்ட நாளில் நான்கு ரத வீதிகளிலும் வண்டிகளை நிறுத்திவிடுகிறோம். ஊர் முடங்கியா போகிறது? கடைக்காரருக்கு வருஷத்திலேயே அன்றுதான் நல்ல வியாபாரம். கிழவிகளும் குழந்தைகளும் நடுத்தெருவில் பயமில்லாமல் நடக்கிறார்கள். சாமிக்காக ஒரு நாள் செய்ய முடிகிறதை, ஆசாமிகளுக்காக வாரத்துக்கு ஒரு மாலை செய்து பார்க்க முடியாதா?

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். அது பலமான வாதம். உதறித் தள்ள முடியாது. “குப்பையை ஒழுங்காக அள்ளத் தெரியாத நகரசபைக்குப் பஸ் ஒரு கேடா? கவுன்சிலருடைய மைத்துனர் கடை வாசலில் நிறுத்தம் வரும்; சேர்மனுடைய சம்பந்தி பஸ்ஸுக்கு டயர் சப்ளை செய்வார். அதைவிடக் கலெக்டர் கையிலேயே இருக்கட்டும்” என்கிறார்கள்.

மைத்துனர் கடை வாசலில் நிறுத்தம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஊர் முழுவதும் பார்க்கும்படி வரும். டீக்கடையில் சிரிப்பார்கள், அடுத்த எலெக்ஷனில் கேட்பார்கள். எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் ஒரு பஸ்ஸின் வழியை மாற்றினால் யாருடைய மைத்துனருக்காக மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? திருட்டுக்கு அஞ்சி அதிகாரத்தைத் தொலைதூரத்தில் வைப்பது, திருடனுக்குப் பயந்து நகைகளைக் கண்காணாத இடத்தில் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது.

திறமை இல்லை என்பது இரண்டாவது வாதம். அதுவும் உண்மைதான். ஒரு சின்ன நகரசபை போக்குவரத்துக்கென்று ஓர் எஞ்சினீயரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆறு நகரசபைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். டன்கர்க்கில் 17 ஊர்கள் சேரவில்லையா? நீச்சல் தெரிகிற வரை தண்ணீரில் இறங்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்கிறவருக்குக் கரையில் நிரந்தர உத்தியோகம் கிடைக்கும். பையன் நீந்தப் போவதில்லை.

தோற்றுப்போனால் என்ன செய்வது என்பது மூன்றாவது வாதம். பெல்ஜியத்தில் ஹாசல்ட் என்ற ஊர், சுமார் எழுபதாயிரம் பேர், 1997 ஜூலை 1 முதல் எல்லோருக்கும் பஸ்ஸை இலவசமாக்கியது. செலவு தாங்காமல் 2013-ல் அதைக் கைவிட்டது. குறைந்த கட்டணம் ஒன்றை வைத்துக்கொண்டது. ஊர் முழுகிப்போகவில்லை. பதினாறு வருஷம் பெரியவர்களும் பிள்ளைகளும் ஏறி இறங்கினார்கள். உலகத்திலுள்ள எத்தனையோ ஊர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்தன. நம் சட்டதிட்டங்களில் இதற்கு இடம் இல்லை. ஒரு நகரசபை புதிதாக ஒன்று செய்து பத்து லட்சம் நஷ்டப்பட்டால் ஆடிட் ஆட்சேபணை வரும், பத்திரிகையில் பெயர் வரும். ஒன்றுமே செய்யாமல் இருபது வருஷம் ஜனங்களை வெயிலில் நிறுத்திவைத்தால் ஆடிட்டில் ஒரு வரி வராது. இந்தக் கணக்கில் எந்தக் கமிஷனர் புதுமை செய்வார்?

ஆகவே என் கோரிக்கை நான்கு. ஒன்று: நகர எல்லைக்குள் ஓடும் சின்னப் பஸ், ஷேர் ஆட்டோ, நடைத் தெரு ஆகியவற்றின் வழியையும் நேரத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் நகரசபைக்கு வர வேண்டும், பிரேக்கையும் டிரைவர் லைசென்சையும் ராஜ்ய சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு: ஊர்கள் கூட்டாக எஞ்சினீயர் வைத்துக்கொள்ள முதல் ஐந்து வருஷம் ராஜ்ய சர்க்கார் சம்பளம் கொடுக்க வேண்டும். மூன்று: ஆறு மாதப் பரீட்சை என்று அறிவித்துச் செய்கிற காரியத்துக்கு, திருட்டு இருந்தால் ஒழிய, தண்டனை கூடாது. நான்கு: வருஷா வருஷம் தவறாமல் வரும் ஒரு சிறு வருமானம் வேண்டும்.

நான்காவதற்கு வழி தேடி வெகு தூரம் போக வேண்டாம். நாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டுகிற தொழில் வரி நகரசபைக்குத்தான் போகிறது. வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்கக் கூடாது என்று 1988-ல் அரசியல் சட்டத்தில் வரம்பு கட்டினார்கள். அரிசி விலை எத்தனையோ முறை ஏறிவிட்டது, வரம்பு ஏறவில்லை. நன்றாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்த வரம்பை உயர்த்தி, உயர்ந்த தொகையை ஊர்ப் போக்குவரத்துக்கென்று ஒதுக்கட்டும். மோட்டார் வாகன வரியிலும் ராஜ்ய சர்க்கார் ஒரு பங்கு தரட்டும். தெருவை அடைப்பது வாகனம். தெருவைப் பராமரிப்பது நகரசபை. வரி மாத்திரம் ராஜ்ய சர்க்காருக்கா?

வரியை உயர்த்து என்றதும் வாசகர்களில் பலருக்கு முகம் சுளிக்கும். உங்களிடந்தான் கடைசியாகப் பேச வேண்டியிருக்கிறது. பஸ் சரியில்லை என்று நாம் சண்டை போடவில்லை. தவணையில் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டோம். பிறகு பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, மழைக்கு ஒரு கார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆபீசரிடம் போய்ப் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் நிறுத்தத்தைவிட்டுப் போய்விட்ட பிறகு, அங்கே நிற்கிறவர்களுக்காகக் குரல் கொடுக்க யார் மிச்சம்? ஆனால் நமக்கும் வயதாகும்; கண் மங்கும்; ஒரு நாள் பிள்ளைகள் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று நாமும் அந்த மூன்று கிலோமீட்டரைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது; 2025 ஜூனில் அதற்குப் புது உருவம் கொடுத்தார்கள். நல்ல திட்டங்களே. இரண்டும் சென்னையில் யோசித்தவை. அடுத்த யோசனை ஆரணியிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ வரட்டும். உங்கள் வார்டுக் கவுன்சிலர் இந்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது சாக்கடையைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். அதோடு, “நம் ஊர்ப் பஸ்ஸை யார் கேட்டு வாங்குவது?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அவர் விழிப்பார். அது அவர் வேலை என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.